சாலை இல்லாத ஊருக்கு ரயில் உண்டு: கனடாவின் உட்பகுதிகளில் தனியாகப் பயணிக்க

ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் சர்ச்சிலில் ஆயிரம் பேர்கூட இல்லை. அந்த ஊருக்கு வினிபெக்கிலிருந்து வாரம் 2 முறை பயணிகள் ரயில் போகிறது. தூரம் ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர், வழியில் 2 இரவு. பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் கால்கரிக்கோ 1990 ஜனவரியிலிருந்து வழக்கமான பயணிகள் ரயிலே கிடையாது. வரைபடத்தை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு இது அச்சுப்பிழை போலத் தோன்றும். பிழையில்லை. கனடாவின் கிராமப்புறத்தில் ரயிலும் பஸ்ஸும் எங்கே இருக்கும், எங்கே இருக்காது என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது பிடிபடாமல் தனியாகக் கிளம்பினால் நடுவழியில் எங்காவது 3 நாள் உட்கார வேண்டிவரும்.

வியா ரயில் மத்திய அரசின் நிறுவனம். 1990 ஜனவரி 15 அன்று அதன் வண்டிகளில் ஏறத்தாழ பாதி ஒரே நாளில் நிறுத்தப்பட்டன. கால்கரி, ரெஜைனா, தண்டர் பே வழியாகப் போன தெற்குத் தடம் அப்படித்தான் போயிற்று. மிஞ்சியவை மூன்று வகை. கியூபெக் நகரத்துக்கும் வின்ட்சருக்கும் இடையே ஓடும், மக்கள் நெருக்கம் மிகுந்த தடம் ஒன்று. டொராண்டோ–வான்கூவர் இடையே 'கனடியன்', மாண்ட்ரியல்–ஹாலிஃபாக்ஸ் இடையே 'ஓஷன்' என்ற நெடுந்தூர வண்டிகள் இரண்டு. வேறு போக்குவரத்து இல்லாத ஊர்களுக்காக ஓட்டியே தீர வேண்டும் என்று அரசு வைத்திருக்கும் வண்டிகள் சில: வினிபெக்–சர்ச்சில், சட்பரி–ஒயிட் ரிவர், ஜாஸ்பர்–பிரின்ஸ் ரூபர்ட், மாண்ட்ரியலிலிருந்து செனெட்டேருக்கும் ஜான்கியேருக்கும் போகும் இரட்டை வண்டிகள். இவை தவிர ஒன்டாரியோ அரசு கோக்ரேனிலிருந்து மூசனி வரை 'போலார் பேர் எக்ஸ்பிரஸ்' ஓட்டுகிறது. மூசனிக்கும் சாலை கிடையாது. கியூபெக்கின் செட்-ஈல் நகரிலிருந்து ஷெஃபர்வில் போகும் ஷிவெட்டின் ரயில் 2005 முதல் இன்னு, நாஸ்காப்பி பழங்குடி மக்களுக்கே சொந்தம்.

சாலை உள்ள ஊரை பஸ் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு இந்த ஏற்பாட்டுக்குள் ஒளிந்திருந்தது. பஸ் பார்த்துக்கொள்ளவில்லை. சஸ்காச்சுவான் மாகாணம் 1946இல் தொடங்கிய அரசு பஸ் நிறுவனம் 253 ஊர்களுக்கு 27 தடங்களில் வண்டி விட்டது. அவற்றில் 2 தடங்கள்தான் லாபம். 2017 மே 31 அன்று அதை இழுத்து மூடினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 31 அன்று கிரேஹவுண்ட் என்ற தனியார் பஸ் நிறுவனம், ஒன்டாரியோவில் உள்ள சட்பரிக்கு மேற்கே தன் வண்டிகளை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தியது. 2010க்குப் பிறகு பயணிகள் 41 சதவீதம் குறைந்துவிட்டதாக அப்போது அந்த நிறுவனம் சொன்னது. மிச்சமிருந்த கிழக்குப் பகுதிச் சேவையும் 2021 மே மாதம் முடிந்தது. ஆக, புல்வெளி மாகாணத்தில் நெடுஞ்சாலையோரம் சில ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு எதுவும் இல்லாமலிருப்பதும், காட்டுக்குள் சில டஜன் வீடுகள் மட்டும் இருக்கும் இடத்தில் ரயில் நிற்பதும் ஒரே நாட்டில் நடக்கிறது.

இதனால் பயணத் திட்டத்தைத் தலைகீழாகப் போட வேண்டியிருக்கிறது. ஊர்களை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு வண்டி தேடினால் கதை நடக்காது. முதலில் ரயில் ஓடும் கிழமைகளைக் காகிதத்தில் எழுத வேண்டும். பிறகு அவற்றுக்கு நடுவில் பஸ். ஊர் கடைசியாக வரும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். அட்டவணைகள் மாறும், டிக்கெட் எடுக்குமுன் சரிபார்க்க வேண்டும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. 'கனடியன்' டொராண்டோவிலிருந்து ஞாயிறும் புதனும் காலையில் கிளம்பி நான்காம் நாள் அதிகாலையில் ஜாஸ்பர் சேர வேண்டும். ஜாஸ்பரிலிருந்து பிரின்ஸ் ரூபர்ட் வண்டி புதன், வெள்ளி, ஞாயிறு நண்பகல் தாண்டிப் புறப்படும். ஞாயிறன்று டொராண்டோவில் ஏறியவர் புதன் காலை 6:30 வாக்கில் ஜாஸ்பரில் இறங்கி, அன்றே 12:45க்கு அடுத்த வண்டியைப் பிடிக்கலாம் என்று அட்டவணை சொல்லும். நம்ப வேண்டாம். 4 நாள் ஓடிவரும் வண்டி 6 மணி நேரம் தாமதிப்பது அதிசயமல்ல. புதனன்று ஏறினால் சனிக்கிழமை ஜாஸ்பர், ஞாயிறு மதியம் அடுத்த வண்டி: இடையில் ஒரு பகலும் இரவும் கையிருப்பு. வான்கூவரிலிருந்து திங்கள், வெள்ளி மதியம் ஏறுகிறவர்களுக்கு அந்த ஓர் இரவு தானாகவே கிடைக்கிறது. ஜாஸ்பரில் அறை வாடகை கோடையில் கொள்ளை. ஆனாலும் தவறவிட்ட வண்டிக்காக 2 நாள் தங்குவதைவிட ஓர் இரவு மலிவு.

ஜாஸ்பரிலிருந்து பிரின்ஸ் ரூபர்ட் வரையுள்ள 1,160 கிலோமீட்டரை அந்த ரயில் பகலில் மட்டுமே கடக்கும். இரவு பிரின்ஸ் ஜார்ஜில் எல்லாரும் இறங்கியாக வேண்டும். தங்குமிடம் டிக்கெட்டில் அடங்காது, வண்டியிலும் தூங்க விடமாட்டார்கள். நகருக்குள் நடக்கும் தூரத்தில் அறை பிடித்து, வண்டி தாமதமானால் நள்ளிரவு ஆகலாம் என்று விடுதிக்கு முன்னாலேயே தொலைபேசியில் சொல்லி வைப்பது முக்கியம். சிறிய மோட்டல்களில் வரவேற்பறையை இரவு 10 மணிக்கே பூட்டிவிடுவார்கள்.

ஏன் இவ்வளவு தாமதம்?

ஊழியர்களின் அசட்டை என்று பலர் முணுமுணுப்பார்கள். காரணம் தண்டவாளத்தில் இருக்கிறது. வியா ஓடும் தடங்களில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் அதன் சொந்தம். பெரும்பகுதி சி.என். என்ற சரக்கு ரயில் நிறுவனத்துடையது. அதுவும் 1995 முதல் தனியார் கையில். நம் ஊர் ஒற்றைத் தடத்தில் 'கிராசிங்' விழுந்தால் கூட்ஸ் வண்டி லூப் லைனில் ஒதுங்கி எக்ஸ்பிரஸுக்கு வழிவிடும். இங்கே ஒதுங்குவது பயணிகள் வண்டி. இதில் பணத்தின் செல்வாக்கு மட்டும் இல்லை, அளவுக் கணக்கும் இருக்கிறது. இன்றைய கூட்ஸ் வண்டி 3 கிலோமீட்டருக்கு மேல் நீளும். பல லூப் லைன்கள் அதைவிடக் குட்டை. இரண்டில் எது உள்ளே அடங்குமோ அதுதானே ஒதுங்க முடியும்? அப்படி ஒதுங்கினால் 20 நிமிடமும் ஆகும், 2 மணி நேரமும் ஆகும்.

குளிர்காலத்தில் இது இன்னும் மோசமாகும். ரயிலின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது. வெப்பநிலை மைனஸ் 25 பாகைக்குக் கீழே போனால் பெட்டிகளை இணைக்கும் குழாய்களின் ரப்பர் வளையங்கள் இறுகி, காற்று கசியும். நீண்ட வண்டியின் கடைசிப் பெட்டிவரை அழுத்தம் எட்டாது. எனவே கூட்ஸ் வண்டிகளைக் குட்டையாக்கி, எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். வண்டி கூடினால் கிராசிங் கூடும். கடுங்குளிரில் தண்டவாளம் விரிசல் விடும் என்பதால் வேகக் கட்டுப்பாடு வேறு. கோடையில் அதே தண்டவாளம் வெயிலில் நெளியும், காட்டுத்தீ புகையும். சர்ச்சில் தடத்துக்கு அடியில் உறைநிலம். அது இளகி இளகித் தரை அமிழ்வதால் வண்டி மெதுவாகத்தான் போகும். 2017 மே மாத வெள்ளத்தில் அந்தத் தடம் பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டு, பயணிகள் ரயில் திரும்பி வர 2018 டிசம்பர் ஆயிற்று. 2021 நவம்பர் மழையில் வான்கூவருக்குப் போகும் ரயில் பாதைகளும் நெடுஞ்சாலைகளும் ஒரே சமயத்தில் அறுந்தன. 2024 ஜூலையில் ஜாஸ்பர் நகரின் கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. ரயில் நிலையம் தப்பியது.

நடைமுறையில் இதற்கு விதி எளிது. ரயிலில் இறங்கிய அதே நாளில் விமானமோ கப்பலோ பஸ்ஸோ வேண்டாம். 'கனடியன்' என்றால் முழுதாக ஒரு நாள் இடைவெளி. வியாவிலிருந்து வியாவுக்கு மாறுகிறவர் இரண்டையும் ஒரே முன்பதிவில் எடுத்தால், தாமதத்துக்கு மாற்று ஏற்பாடு கேட்கும் இடத்தில் இருப்பார். தனித்தனி நிறுவனங்களில் எடுத்தால் இரண்டாமவருக்கு உங்கள் தாமதம் ஒரு பொருட்டே இல்லை.

நிலையம் ஊரில் இல்லை

சஸ்கட்டூன் நிலையம் நகர மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி மேற்கு ஓரத்தில் இருக்கிறது. எட்மன்டன் நிலையமும் நகர மையத்தில் இல்லை. காம்லூப்ஸ் நார்த் என்ற நிலையம் காம்லூப்ஸிலிருந்து 10 கிலோமீட்டர் வடக்கே. வண்டி நள்ளிரவில் வந்து நிற்கும்போது அங்கே நகரப் பேருந்து இருக்காது. டாக்சி எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் போதாது. ஊரை நெருங்கி சிக்னல் கிடைத்தவுடன் கூப்பிட்டு நேரம் சொல்லிவிட வேண்டும். நகர நடுவில் இறங்கும் சுகம் வினிபெக்கிலும் ஜாஸ்பரிலும் உண்டு.

அடிக்கடி ஆட்களைக் கவிழ்ப்பது சட்பரி. 'கனடியன்' நிற்பது ஊருக்கு வெளியே 10 கிலோமீட்டரில் உள்ள சட்பரி ஜங்ஷனில். ஒயிட் ரிவர் வண்டி கிளம்புவது நகருக்குள் இருக்கும் பழைய நிலையத்தில். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்து போய்விடலாம் என நினைத்தால் அவ்வளவுதான்.

அந்த ஒயிட் ரிவர் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கிராமப்புறக் கனடாவை ரயிலிலிருந்து பார்க்க அதைவிட நேர்மையான வழி இல்லை. செவ்வாய், வியாழன், சனி காலை 9 மணிக்குச் சட்பரியில் கிளம்பி, 484 கிலோமீட்டரை ஏறக்குறைய 9 மணி நேரத்தில் கடந்து ஒயிட் ரிவர் சேரும். மறுநாள் காலை 7 மணிக்குத் திரும்பும். தனி எஞ்சின் கிடையாது. 1950களில் செய்த, தானே ஓடும் டீசல் பெட்டிகள் இரண்டு அல்லது மூன்று. உள்ளே சாப்பாடு விற்க மாட்டார்கள், தண்ணீரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். துடுப்புப் படகுகளுக்குத் தனிக் கட்டணம் வாங்கி ஏற்றிக்கொள்வார்கள். ஏரிக்கரைக் குடில்களுக்குப் போகிறவர்கள் தங்கள் மாத மளிகையோடு ஏறுவார்கள்.

நிலையமே இல்லாத இடத்திலும் இந்த வண்டி நிற்கும். அதற்கு முறை உண்டு. இந்தப் பாதைகளில் இடத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. தடப்பிரிவின் பெயரும் மைல் எண்ணும்தான் முகவரி. சட்பரியிலிருந்து கார்ட்டியர் வரை ஒரு பிரிவு, அங்கிருந்து சாப்லோ வரை நெமிகாஸ் பிரிவு, பிறகு ஒயிட் ரிவர் பிரிவு. ஒவ்வொன்றுக்கும் மைல் எண் வரிசை தனி என்பதால், பிரிவைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் வேறெங்கோ இறக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. முன்பதிவின்போதே இறங்கும் இடத்தையும் திரும்பி ஏறும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். 2 நாளாவது முன்னால். ஏறியதும் கண்டக்டரிடம் மறுபடி நினைவூட்டுங்கள். திரும்பி ஏறும் நாளில் அட்டவணை நேரத்துக்கு அரை மணி முன்பே தடத்தருகே இருக்க வேண்டும். ஓட்டுநர் தூரத்திலிருந்தே பார்க்கும்படி நேர்த்தடத்தில், வளைவுக்கு வெளியே, பளிச்சென்ற நிறத்தில் எதையாவது அசைத்தபடி நிற்பது நல்லது. முதலில் வருவது கூட்ஸ் வண்டியாகவும் இருக்கலாம், தண்டவாளத்திலிருந்து தாராளமாக விலகி நில்லுங்கள். வண்டி 3 மணி நேரம் தாமதித்தாலும் அதை உங்களுக்குச் சொல்ல அங்கே ஆளில்லை, சிக்னலும் இல்லை. கூடுதலாக ஒரு வேளை உணவும், கொசுவலைத் தொப்பியும் அதற்குத்தான். ஜூன் மாதத்தில் அங்கே கறுப்பு ஈ ரத்தம் குடிக்கும்.

சமையல் எரிவாயுக் குப்பியை ரயிலிலோ பஸ்ஸிலோ ஏற்ற விடமாட்டார்கள். முகாமிடப் போகிறவர் கடைசியாகக் கடை இருக்கும் ஊரில் என்ன கிடைக்கும், அங்கிருந்து எப்படிப் போவது என்பதை முன்பே விசாரிக்க வேண்டும். கரடி விரட்டும் தெளிப்பானும் அதே தலைவலி.

இரவு வண்டியில் தனியாள்

'கனடியனில்' சாதாரண வகுப்பு என்றால் சாயும் இருக்கை, 4 இரவு. இளம் முதுகுக்கு முடியும். வினிபெக் வரை 2 நாள் அப்படிப் போய், இறங்கி ஒரு நாள் ஓய்வெடுத்து, அடுத்த வண்டியில் தொடர்வது பலர் செய்யும் சமரசம். படுக்கை வகுப்பில் தனியாளுக்குப் பொருத்தமானவை இரண்டு. ஒன்று திரைபோட்ட மேல், கீழ் பெர்த்; நம் ரயில்களில் பழகியவர்களுக்குப் புதிதில்லை. மேல் பெர்த் மலிவு, ஜன்னல் கிடையாது. கதவும் பூட்டும் இல்லை என்பது நினைவிருக்கட்டும். மற்றது ஒருவர் அறை. அதில் கழிப்பிடம் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கும்; இரவில் கட்டிலை இறக்கியபின் அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் கட்டிலைத் தூக்க வேண்டும் அல்லது நடைவழிக் கழிப்பறைக்குப் போக வேண்டும். படுக்கை வகுப்புக்கு மூன்று வேளைச் சாப்பாடு கட்டணத்திலேயே சேர்ந்தது. காய்கறி உணவு வேண்டுமென்றால் முன்பதிவிலேயே சொல்ல வேண்டும். வடக்கு ஒன்டாரியோவில் மணிக்கணக்கில் கைப்பேசி சிக்னல் இருக்காது. டிக்கெட், வரைபடம், விடுதி முகவரி எல்லாம் இறக்கி வைத்திருங்கள்.

பஸ் பக்கம் வேறு மாதிரிக் குழப்பம். கிரேஹவுண்ட் இருந்த காலத்தில் ஒரே டிக்கெட்டில் நாட்டைக் கடக்கலாம். இப்போது ஒன்டாரியோ நார்த்லேண்ட், ரைடர் எக்ஸ்பிரஸ், ஈபஸ், மாரிடைம் பஸ், ஆர்லியன்ஸ் எக்ஸ்பிரஸ் என்று துண்டு துண்டாக நிறுவனங்கள். ஒருவர் டிக்கெட் மற்றவரிடம் செல்லாது, ஒரே நகரில் நிற்கும் இடமும் வெவ்வேறு. சிற்றூரில் 'பஸ் நிலையம்' என்பது பெரும்பாலும் ஒரு பெட்ரோல் பங்க் அல்லது காபிக் கடையின் வாகன நிறுத்தம். இரவில் கடை மூடியிருந்தால் நிழற்குடைகூட இருக்காது. டிக்கெட் தேடும் பொதுத் தளங்கள் எல்லா நிறுவனங்களையும் காட்டுவதில்லை, அந்தந்த நிறுவனத்தின் பக்கத்திலேயே பார்க்க வேண்டும். மைனஸ் 30இல் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நிலை வந்தால், திறந்திருக்கும் கட்டடம் எது என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது, கையுறையைவிட முக்கியம்.

பஸ் இல்லாத இடத்தில் லிஃப்ட் கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பிரின்ஸ் ஜார்ஜிலிருந்து பிரின்ஸ் ரூபர்ட் போகும் 16ஆம் எண் நெடுஞ்சாலைக்குக் 'கண்ணீர்ப் பாதை' என்று பெயர். பல பத்தாண்டுகளாக அங்கே பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் பழங்குடிப் பெண்கள், காணாமல் போனார்கள், கொல்லப்பட்டார்கள். லிஃப்ட் கேட்காமல் போய்வர பஸ் வேண்டும் என்று 2006லேயே ஓர் அறிக்கை பரிந்துரைத்தது. ஊர்களை இணைக்கும் மலிவான பேருந்துகள் வந்தது 2017இல். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசின் 'பி.சி. பஸ் நார்த்' சேர்ந்தது. இவையும் தினமும் ஓடுபவை அல்ல, கிழமை பார்க்க வேண்டும். அந்தச் சாலையில் இவற்றைத் தவிர வேறு எதையும் நம்பி இறங்காதீர்கள்.

நேரத்தில் ஒரு கண்ணி. அட்டவணையில் உள்ள நேரம் அந்தந்த நிலையத்தின் உள்ளூர் நேரம். மற்ற பெரும்பாலான மாகாணங்கள் வசந்தத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளும்போது சஸ்காச்சுவான் தள்ளுவதில்லை. கோடையில் அது ஆல்பர்ட்டாவோடு ஒத்துப்போகும், குளிர்காலத்தில் மனிடோபாவோடு. சிக்னல் இல்லாத இடத்தில் கைப்பேசி பழைய மண்டலத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

கிழக்கே போனால் நியூஃபவுண்ட்லாந்து தீவு அரைமணிக் கணக்கில் தனி நேரம் வைத்திருக்கிறது. தீவில் ரயில் 1988இலேயே முடிந்துவிட்டது. நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் நார்த் சிட்னியில் கப்பல் ஏறி, 7 மணி நேரம் கழித்து போர்ட் ஓ பாஸ்கில் இறங்கினால், செயின்ட் ஜான்ஸ் வரையுள்ள 900 கிலோமீட்டருக்கு ஒரே நிறுவனத்தின் நெடுந்தூர பஸ்தான். காலையில் கிளம்பி இரவில் சேரும். திசைக்கு ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் இல்லை. அலை பெரிதாகிக் கப்பல் தாமதித்தால் பஸ் காத்திருக்குமா என்பதை நார்த் சிட்னியில் ஏறுமுன்பே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். தீவில் இறங்கியபின் கேட்டால் விடை தெரிந்தும் பயனில்லை.